போரும் வாழ்வும்: பெயர்க் குழப்பத்தைத் தாண்டுவது எப்படி? (வாசகர்களின் உரையாடல்; முன்னால் இருப்பவை அவர்களின் புனைபெயர்கள்)

அரைப்பக்கம்: தல்ஸ்தோயின் ருஷ்ய நாவல் 'போரும் வாழ்வும்' முதல் பாகத்தில் ஒரே ஆளுக்கு மூன்று பெயர், ஒரே பெயரில் மூன்று ஆள். எப்படிக் குறிப்பெடுப்பது? தத்துவப் பக்கங்களைத் தாண்டலாமா?

ஓரக்குறிப்பு: ஆள்வாரியாக எழுதினால் பட்டியல் முடியாது, குடும்பவாரியாக எழுதுங்கள். ஒரு அட்டையில் ஐந்து கட்டம்: பெசுகோவ், போல்கோன்ஸ்கி, ரோஸ்தோவ், குராகின், துருபேத்ஸ்கோய். மற்றவர்களை இரண்டாம் முறை தலைகாட்டும்போது சேர்த்தால் போதும்.

ருஷ்யர்களின் நடுப்பெயர் தந்தையுடையது: பெரும்பாலும் மகனுக்கு ஓவிச், எவிச், மகளுக்கு ஓவ்னா, எவ்னா. ரோஸ்தோவ் வீட்டுப் பெண் ரோஸ்தோவா. இவ்வளவுதான் இலக்கணம்.

இடறும் இடம் இரண்டு. அந்திரே போல்கோன்ஸ்கியின் அப்பா நிகொலாய், மகனும் நிகொலாய், ரோஸ்தோவ் வீட்டு மூத்த மகனும் நிகொலாய். அடுத்தது பியோத்தர். ரோஸ்தோவ் வீட்டுக் கடைக்குட்டி பேத்யாவும் பியோத்தர்தான், நாயகர்களில் ஒருவரான பியேர் பெசுகோவும் பியோத்தர்தான். பிரெஞ்சு பேசும் வரவேற்பறையில் அவர் பியேர். நெப்போலியன் படையோடு நடந்த பொரோதினோ போர் முடிந்த இரவில் சிப்பாய்கள் பெயர் கேட்கும்போது "பியோத்தர் கிரீலவிச்" என்கிறார். அந்த மாற்றம் தற்செயல் இல்லை, கவனியுங்கள்.

வெர்ஸ்ட்: தத்துவப் பக்கங்களில் எதைத் தாண்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1873 பதிப்பில் தல்ஸ்தோயே வரலாற்று விவாதங்களைப் பிரித்துப் பின்னிணைப்பில் போட்டார். ஆகவே பின்னுரை இரண்டாம் பகுதியின் 12 அத்தியாயங்களைப் பிறகு படிக்கலாம். கதை முதல் பகுதியோடு முடிந்துவிடும். ஆனால் மூன்றாம் பாகத்தின் தொடக்கத்தை விட்டுவிடாதீர்கள். அரசர்களும் தளபதிகளும் வரலாற்றை நடத்துவதில்லை என்ற வாதம் அங்கேதான் எழுகிறது. அது இல்லாமல் பொரோதினோவில் ருஷ்யத் தளபதி குத்தூசவ் ஏன் பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று எரிச்சல்தான் வரும்.

தேதிகள் பழைய ருஷ்ய நாட்காட்டிப்படி. 12 நாள் கூட்டிக்கொள்ளுங்கள்: ஆகஸ்ட் 26 என்றால் செப்டம்பர் 7.

ஓரக்குறிப்பு: வேகத்தையும் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 361 அத்தியாயம், பெரும்பாலும் சிறியவை. நாளுக்கு ஒன்று என்றால் ஓராண்டு. அதற்குள் அட்டையே மறந்துபோகும். நாளுக்கு நான்கு என்றால் மூன்று மாதம். இடைவெளி விட வேண்டுமானால் ஒரு பகுதியை முடித்துவிட்டு விடுங்கள்.

பழம்பதிப்பு: டி.எஸ். சொக்கலிங்கத்தின் தமிழாக்கத்தோடு ஆங்கிலப் பதிப்பையும் வைத்துப் படிப்பவர்களுக்கு: சில ஆங்கிலப் பதிப்புகள் நான்கு பாகம் என்று பிரிக்காமல் 15 புத்தகங்கள் என்று தொடர் எண் போடும். எண்ணை நம்பாமல் காட்சியை வைத்து ஒப்பிடுங்கள். பெயர்களின் எழுத்துக்கூட்டலும் மாறும், அட்டையில் ஒரே பதிப்பின் வடிவத்தை எழுதுங்கள்.

அரைப்பக்கம்: ஐந்து கட்டம் போட்டாயிற்று. பொல்லாத மூன்று நிகொலாய்களுக்கும் சிவப்பு மை.