சிம்னிப் புகை வீட்டுக்குள் திரும்புகிறது, அவசர உதவி

செஞ்சுரியன்வாசி:
வணக்கம். தென்னாப்பிரிக்காவில் செஞ்சுரியனில் இருக்கிறேன். சிம்னியில் தீ மூட்டினால் புகை மேலே போகாமல் ஹாலுக்குள் வருகிறது. போன வருடம் நன்றாகத்தான் இருந்தது. இன்று ராத்திரி குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போகுமாம். சீக்கிரம் யாராவது வழி சொல்லுங்கள்.

பெனோனி செல்வி:
எந்தச் சிம்னி தம்பி? சமையல் அடுப்புக்கு மேலே இருப்பதா, விறகு எரிக்கிற ஃபயர்பிளேஸா? செங்கல்லா, இரும்புக் குழாயா? கடைசியாக எப்போது சுத்தம் செய்தீர்கள்?

லெனேசியா ராஜா:
இது உயரத்தால் வருவது. ஹைவெல்ட் என்கிற நம் மேட்டுநிலத்தில் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே. காற்று அடர்த்தி குறைவு, அதனால் சிம்னியின் இழுவையும் குறைவு. கூரைக்கு மேலே இன்னும் ஒரு மீட்டர் உயர்த்திக் கட்டுங்கள், சரியாகிவிடும்.

கொத்தனார் மகன்:
ராஜா, வீடு போன வருடமும் அதே உயரத்தில்தான் இருந்தது. கேள்வியை முழுக்கப் படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள். குளிர் தொடங்குவதற்கு முன்பு, மே மாதத்திலேயே சிம்னியைத் துலக்க வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் இங்கே எழுதுகிறேன். யாரும் படிப்பதில்லை, ஜூன் குளிர் வந்ததும் ஓடி வருகிறீர்கள். கேட்டவர் முதலில் விவரம் சொல்லட்டும்: என்ன விறகு? சிம்னி வழியைத் திறந்து மூடுகிற தகடு திறந்திருக்கிறதா? உச்சியில் மூடி, கம்பி வலை இருக்கிறதா?

மிட்ராண்ட் கண்ணன்:
சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறதா? கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்த வீட்டில் அந்த ஃபேன் காற்றை வெளியே தள்ளும்போது, ஈடுகட்ட வேறு வழியில்லாமல் சிம்னி வழியாகக் காற்று கீழே இறங்கும். ஃபேனை நிறுத்திவிட்டு ஒரு ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்து பாருங்கள். புகை நின்றால் காரணம் அதுதான்.

செஞ்சுரியன்வாசி:
செங்கல் சிம்னி, திறந்த ஃபயர்பிளேஸ். விறகு ரோட்டோரத்தில் வலைப்பையில் விற்பது. ஜன்னல் திறந்து பார்த்தேன், மாற்றம் இல்லை. வலை பற்றித் தெரியாது, நான் கூரை ஏறியதில்லை. ராத்திரி தணல் இருக்கும்போதே தகட்டைப் பாதி மூடிவிட்டுப் படுப்போம், அப்போதுதான் சூடு நிற்கும். பையனுக்குக் காலையில் தலைவலி, அது குளிரால் இருக்கும்.

ப்ளூம்ஃபொன்டெய்ன் மலர்:
தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். இன்று தீ மூட்டாதீர்கள். நான் நர்ஸ், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். அந்தத் தலைவலி குளிரால் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். தணல் மங்கி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமோ மணமோ கிடையாது. புகை கண்ணில் பட்டால் எழுந்துகொள்வோம், இது தூக்கத்திலேயே ஆளை மயக்கிவிடும். தணல் இருக்கும்போது தகட்டை மூடினால் அந்த வாயு முழுக்க வீட்டுக்குள்தான் தங்கும். தலைவலி, குமட்டல், தலைசுற்றல், வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில், வெளியே போனால் குறைகிறது என்றால் அதுவாகவே இருக்கக்கூடும். இப்போதே எல்லாக் கதவையும் திறங்கள், பையனை இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். மயக்கம் வந்தால் வெளியே தூக்கிக்கொண்டு வந்து ஆம்புலன்ஸுக்கு 10177 கூப்பிடுங்கள், கைபேசியிலிருந்து 112. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கிப் படுக்கையறைப் பக்கம் மாட்டுங்கள்.

பெனோனி செல்வி:
மலர் அக்கா சொல்வதைக் கேளுங்கள். இன்று ஒரு ராத்திரி கம்பளியோடு சமாளிக்கலாம்.

கொத்தனார் மகன்:
அது சரி. நாளைக் காலையில் சாம்பல் முழுக்க ஆறியதும், தகட்டை முழுக்கத் திறந்து, முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை அடுப்புக்குள் சாய்த்து வைத்து மேலே பாருங்கள். நேர்ச் சிம்னி என்றால் சின்னச் சதுரமாக வானம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அடைப்பு. சுவரில் கறுப்பாக, பளபளவென்று தார் போல ஒட்டியிருந்தால் அது பச்சை விறகால் வந்த கிரியோசோட். அது தீப்பிடித்தால் உள்ளே 1,000 டிகிரியைத் தாண்டும், செங்கல்லே வெடிக்கும். பளபளப்பாக இறுகியதைச் சாதாரண பிரஷ் சுரண்டாது, ஆள் கூப்பிடுங்கள்.

லெனேசியா ராஜா:
இந்த ஊரில் பச்சை விறகு ஏது? குளிர்காலம் முழுக்க மழையே இல்லை, உதடு வெடிக்கிற காற்று. வெட்டிப் போட்டால் தானே காய்ந்துவிடும்.

கொத்தனார் மகன்:
மேல்தோல்தான் காயும். பட்டையோடு உருண்டையாக இருக்கும் புளூகம், அதாவது யூகலிப்டஸ், உள்ளே மாதக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். பிளந்து அடுக்க வேண்டும், ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். இரண்டு கட்டைகளைத் தட்டிப் பாருங்கள்: காய்ந்தது கணீரென்று கேட்கும், ஈரக்கட்டை தொப்பென்று கேட்கும்.

மிட்ராண்ட் கண்ணன்:
எதற்கு புளூகம்? சீக்கல்போஸ் வாங்குங்கள். தமிழ்நாட்டு விடத்தேரைதான் அது. கெட்டி மரம், தணல் நின்று எரியும்.

லெனேசியா ராஜா:
கமீல்டூரிங் மரத்தை விடவா?

மிட்ராண்ட் கண்ணன்:
கமீல்டூரிங் பாதுகாக்கப்பட்ட மரம் அண்ணா. 1998 தேசிய வனச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வெட்டவோ விற்கவோ கூடாது. ரோட்டோரத்தில் விற்பவரிடம் யார் உரிமம் கேட்கிறார்கள்? வறண்ட பூமியில் அந்த மரம் வளர எத்தனை தலைமுறை ஆகும் என்று யோசியுங்கள்.

லெனேசியா ராஜா:
காய்ந்து விழுந்ததைத்தான் பொறுக்கி விற்கிறார்கள்.

மிட்ராண்ட் கண்ணன்:
காய்ந்த மரத்துக்கும் அதே சட்டம்தான்.

பெனோனி செல்வி:
மரச் சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். விறகு வாங்குகிறவர்களுக்கு ஒன்று: பழைய வேலிக்கம்பம் எதையும் எரிக்காதீர்கள். பச்சை சாயல் உள்ள கம்பங்களில் பூச்சி அரிக்காமல் இருக்க ஆர்செனிக் மருந்து ஏற்றியிருப்பார்கள். அது புகையிலும் வரும், சாம்பலிலும் தங்கும். குழந்தை இருக்கிற வீட்டில் அது வேண்டவே வேண்டாம். தம்பி, பையன் எப்படி இருக்கிறான்?

ஜொபர்க் தேவி:
உருளைக்கிழங்குத் தோலை எரித்தால் சிம்னி சுத்தமாகும் என்று என் மாமியார் சொல்வார்.

கொத்தனார் மகன்:
கொஞ்சம் கரி உதிரலாம், பிரஷ் போடும் வேலையை அது செய்யாது. உள்ளே பறவைக் கூடு இருந்தால் அதை எந்தத் தோலும் தள்ளாது.

செஞ்சுரியன்வாசி:
பையன் நலம், டாக்டர் பார்த்தார். கண்ணாடியில் வானம் தெரியவில்லை. ஆள் வந்து பார்த்தார்: உச்சி வலை ஒரு பக்கம் கிழிந்து, மைனா கூடு கட்டியிருக்கிறது. குச்சி, பிளாஸ்டிக், துணிக்கந்தல் என்று ஒரு சாக்கு நிறைய எடுத்தார். துலக்கி, புது வலை போட்டாயிற்று. அலாரமும் மாட்டிவிட்டோம். மலர் அக்காவுக்கு நன்றி.

ஜொபர்க் தேவி:
அவர் எவ்வளவு வாங்கினார்? எங்கள் பக்கம் வருவாரா? எங்கள் வீட்டுச் சிம்னியிலும் மைனா சத்தம் கேட்கிறது.