பணிச்சோர்வா, பணிக்கருகலா? செவிலியர் கையேட்டுக்கு ஒரு சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நெடுநாள் வேலை அழுத்தத்தில் ஆள் உள்ளுக்குள் வற்றிப்போவதை ஆங்கிலத்தில் பர்ன்அவுட் என்கிறார்கள். செவிலியர் கையேட்டில் அதற்குத் தமிழ்ச் சொல்லாகப் 'பணிச்சோர்வு' போதாதா என்று மதுரை நண்பர் கேட்டிருந்தார். தஞ்சாவூர்ப் பக்கம் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு இப்போது செவிலிய மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறேன். எனக்கு அது போதவில்லை. சோர்வு ஒரு நல்ல தூக்கத்தில் தீரும். பர்ன்அவுட் தூங்கி எழுந்தாலும் அப்படியே இருக்கும். 'மனச்சோர்வு' வேறு டிப்ரஷனுக்கு நிலைத்துவிட்டது. பக்கத்திலேயே பணிச்சோர்வு வந்தால் இரண்டும் ஒன்று என்றுதான் படிப்பவர் நினைப்பார். உலக சுகாதார நிறுவனமோ 2019இல் பர்ன்அவுட்டை நோயாகக் கொள்ளவில்லை. வேலையிடத்தில் சரியாகக் கையாளப்படாத நெடுநாள் அழுத்தத்தின் விளைவு என்றே விளக்கியது.

எங்கள் ஊரில் ஆற்றில் தண்ணீர் வராவிட்டால் பயிர் கருகும். பயிர்மேல் யாரும் குறை சொல்வதில்லை, தண்ணீரைத்தான் கேட்பார்கள். அதனால் 'பணிக்கருகல்' என்று முன்வைக்கிறேன். 'கருகிப்போயிட்டேன்' என்று பேச்சிலும் தடையில்லாமல் வரும்.

கருகினது தேறாதே, 'பணிவாட்டம்' என்று வைக்கலாமே என்று கும்பகோணத்து ஐயா எழுதியது நியாயமான தடை. ஆனால் நுனி கருகின பயிரும் அடி பச்சையாக இருந்தால் தண்ணீர் வந்ததும் தேறிக்கொள்கிறது. வாட்டம் என்றால் ஒருநாள் முகம் வாடியிருப்பது போல லேசாகிவிடுகிறது.

அப்புறம் உட்கூறுகள். உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் 1974இல் பர்ன்அவுட்டைப் பற்றி எழுதினார். 1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் இதை அளக்க வினாத்தாள் கொண்டுவந்தார்கள். அந்த வினாத்தாள் அளக்கும் மூன்று கூறுகளுக்கு உணர்வு வறட்சி (உள்ளே எதுவும் மிச்சமில்லாமல் வற்றிப்போவது), ஒட்டாமை, செயல்நிறைவின்மை (எதையும் சாதித்ததாகத் தோன்றாதது) என்று சொல்லலாம். நடுவில் உள்ள ஒட்டாமைக்கு 'ஆளுமை நீக்கம்' என்று எழுதுகிறார்கள், யாருக்கும் விளங்காது. 'நாலாம் பெட்டுக்கு மருந்து போட்டாச்சா?' என்று கேட்பது வார்டில் வழக்கம், அதில் தப்பில்லை. நாலாம் பெட்டில் இருப்பவரின் மகள் எதிரில் நின்று அழும்போதும் அவர் வெறும் நாலாம் பெட்டாகவே தெரிந்தால் அதுதான் ஒட்டாமை. அந்தச் செவிலியர் கல்நெஞ்சக்காரர் இல்லை. உள்ளே மிச்சமிருந்ததைக் காப்பாற்றிக்கொள்ள மனசு விலகி நிற்கிறது.

ஏன் அப்படி ஆகிறது? பூச்சிமருந்து உள்ளே போனவருக்கு அட்ரோபின் என்ற மாற்றுமருந்து கொடுக்கும்போது நெஞ்சில் சளிச் சத்தம் அடங்கியதா, நாடி ஏறியதா, கண்மணி விரிந்ததா என்று சில நிமிடத்துக்கு ஒருதரம் பார்த்துப் பார்த்து அளவை மாற்ற வேண்டும். அடுத்த கட்டிலில் பாம்புக்கடி: விஷம் ரத்தம் உறைவதைக் கெடுத்திருக்கிறதா என்று அறிய, கண்ணாடிக் குழாயில் எடுத்த ரத்தத்தை 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைந்ததா என்று சாய்த்துப் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே சிஸ்டர் பார்த்தால் எதை விடுவார்?

ஆள் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்குச் செவிலிய ஆய்வாளர் லிண்டா எய்கன் குழுவினர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002இல் எழுதியதைக் கையேட்டில் கட்டாயம் சேர்க்க வேண்டும். ஒரு செவிலியர் பார்க்கும் நோயாளிகளில் ஒருவர் கூடும்போது, அறுவை சிகிச்சை நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடும், செவிலியர் பணிக்கருகலுக்கு ஆளாகும் வாய்ப்பு 23 விழுக்காடும் கூடியிருந்தன. அது மருத்துவமனை முழுவதற்கும் எடுத்த சராசரியை வைத்து நடந்த ஆய்வு, தீவிர சிகிச்சைக்கு அப்படியே பொருத்தக் கூடாது. ஆனாலும் யோகாவும் மனப்பயிற்சியும் சொல்லிக்கொடுத்து அனுப்பினால் போதும் என்பவர்களுக்கு இதைக் காட்டத்தான் வேண்டும்.

அடுத்து, 'ஹெல்தி வொர்க் என்விரான்மென்ட்'. இதை 'ஆரோக்கியமான பணிச்சூழல்' என்று எழுதினால் தரை சுத்தம், காற்றோட்டம் என்று புரிந்துகொள்கிறார்கள். அமெரிக்கத் தீவிர சிகிச்சைச் செவிலியர் சங்கம் 2005இல் வகுத்த ஆறு தரங்களில் தரையும் இல்லை, காற்றும் இல்லை. தேர்ந்த தகவல் பரிமாற்றம், மெய்யான கூட்டுழைப்பு, பயன்தரும் முடிவெடுத்தல், தகுந்த ஆள்பலம், பொருளுள்ள பாராட்டு, நேர்மையான தலைமை, இவைதான் உள்ளன. எனவே 'நலம்காக்கும் பணிச்சூழல்' என்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொருள் தவறாது.

பணிக்கருகலுக்கு மறுப்பு இருந்தால் உடனே எழுதுங்கள். 'செயல்நிறைவின்மை' எனக்கே கரடுமுரடாகப் படுகிறது, அதற்கு யாராவது நல்ல சொல் தர வேண்டும்.