லாண்ட்மாஸ்டர் (இரண்டு சக்கர உழவு மெசின்) ஒன்று ஒரு நாளைக்குத் தேவை

வணக்கம் உறவுகளே, கிளிநொச்சியில் ஒரு குறும்படம் எடுக்கிறோம். அடிதடியும் பகிடியும்தான். முகமே பாராத பெரியப்பா ஒருவர் வயற்காணிக்கு நாயகனைப் பின்னுரித்தாளராக, அதாவது தனக்குப் பிறகு காணி சேரவேண்டியவனாகப் பதிந்துவிட்டுக் கண்ணை மூடுகிறார். முதுசம் போன கோபத்தில் அவருடைய மூன்று மகன்மாரும் கலைக்க, இவன் அரசாங்கம் கொடுத்த காணிப் பெர்மிட்டைச் சாரத்துக்குள் செருகிக்கொண்டு இரணைமடு வாய்க்கால் கரையால் லாண்ட்மாஸ்டரில் தப்புகிறான். நடந்தே பிடித்துவிடலாம், அவ்வளவு வேகம்!

பெட்டி பூட்டிய பழைய லாண்ட்மாஸ்டர் யாரிடமாவது இருக்கிறதா? டீசலும் மத்தியானச் சாப்பாடும் எங்கள் செலவு.

மற்றது, 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் கொடுத்த பழைய பெர்மிட் இருந்தால், பெயர் விவரங்களை மறைத்து ஒரு படம் அனுப்புங்கள். எங்கள் தம்பி கீறியது கலியாணக் காட் மாதிரி இருக்கிறது.