மறு: ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் இழுக்கும் கியர்ப் பிடிக்கு ஒரு சொல்

(கிளிநொச்சியிலிருந்து)

எல்லோருக்கும் வணக்கம்.

ஆங்கிலத்தில் பேடில் ஷிஃப்டர் எனும் பிடிக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்குப் போன கிழமை வந்த "துடுப்பு மாற்றி"க்குப் பலரும் ஆதரவாகக் கை தூக்கிவிட்டீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சண்டைக்கு வரவில்லை. ஆனால் இந்தச் சொல்லைத் தாளில் அச்சிட வேண்டிய நிலையில் இருப்பவன் நான்.

விசயம் இதுதான். கனடாவில் இருக்கும் உறவுக்காரப் பெடியன் ஒருவன் தன் பி.எம்.டபிள்யூவில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் அந்த இரண்டு பிடிகளையும் பெரிதாக, அலுமினியத்தில், தன் விரல் நீளத்துக்கு ஏற்றபடி செய்விக்கிறான். கணினியில் வடிவம் வரைவது இங்கே நாங்கள். வெட்டுவதும் பொருத்துவதும் அங்கே. பொருத்தப்போகும் கராஜ் அண்ணையும் நம் ஆள்தான் என்பதால் பொருத்தும் குறிப்பைத் தமிழில் கேட்டான். எழுத உட்கார்ந்தால் முதல் வரிக்கே சொல் இல்லை.

ஆங்கிலச் சொல்லையே எழுதிவிட்டுப் போகலாமே என்பீர்கள். கியர், பிரேக், ஸ்டியரிங் எல்லாம் அப்படித்தான் இருக்கின்றன, அவற்றை நான் தொடப்போவதில்லை. இதில் மட்டும் ஒரு வில்லங்கம். பேடில் என்று எழுதினாலும் நம் வாயில் அது பெடல்தான். பெடல் என்றால் காலால் மிதிப்பது. "இடது பெடலைக் கழற்றவும்" என்று எழுதினால் அண்ணை குனிந்து கீழே பார்ப்பார். கிளச் இல்லாத அந்தக் காரில் இடது பெடல் பிரேக்!

சரி, துடுப்புக்கு வருவோம். ஆங்கிலக்காரர் அதன் தட்டை வடிவத்தைப் பார்த்து அந்தப் பெயரை வைத்தார்கள். அவர்கள் கண்ணில் பட்டதே நம் கண்ணிலும் பட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. துடுப்பு வலிக்கத் தோளும் இடுப்பும் வேண்டும். இங்கே விரல் நுனியால் சில மில்லிமீற்றர் இழுத்தால் வேலை முடிந்தது. உள்ளே ஒரு சின்னச் சுவிட்ச் அழுந்தும், அல்லது காந்தத்தை உணரும் சென்சர் ஒன்று கவனிக்கும். அந்தச் சைகை கியர்ப் பெட்டியின் கணினிக்குப் போகும். கணினி ஒத்துக்கொண்டால்தான் கியர் மாறும். எஞ்சின் அளவுக்கு மீறிச் சுற்றும்படி கியரை இறக்கச் சொன்னால் மறுத்துவிடும். ஆக நாம் கியரை மாற்றுவதில்லை, மாற்றச் சொல்லிக் கேட்கிறோம். அதனால் "மாற்றி" என்ற பின்பாதியும் சரியில்லை.

அந்தப் பின்பாதியில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. உதிரிப்பாகக் கடையில் மாற்று என்றால் பழையதுக்குப் பதிலாகப் போடுவது. "மாற்றுத் துடுப்பு" என்று எழுதினால் அது கியர் மாற்றும் துடுப்பா, கழற்றியதுக்குப் பதிலாக வந்த துடுப்பா? நாம் பேசுவதே வெளியில் செய்து போடும் உறுப்பைப் பற்றி என்பதால் இந்தக் குழப்பம் ஒவ்வொரு வரியிலும் வரும்.

மற்ற முன்மொழிவுகள். "விசை" வேண்டாம், வன்னியில் அந்தச் சொல்லோடு துவக்கின் விசைவில்தான் முதலில் நினைவுக்கு வரும், காருக்குள் அது எதற்கு? "சுண்டி" கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கரம் விளையாடும்போது சுண்டுவது நகத்தால் வெளியே தள்ளுவது. இது விரலின் உட்பக்கத்தால் தன் பக்கம் இழுப்பது. போதாததுக்கு, சில பழைய பி.எம்.டபிள்யூக்களில் ஒரே பிடியைப் பெருவிரலால் முன்னே தள்ளினால் கியர் இறங்கும், பின்னே இழுத்தால் ஏறும். மக்லாரன் கார்களில் இரண்டு பக்கமும் ஒரே துண்டு: வலப்பக்கத்தை இழுத்தாலும் ஏறும், இடப்பக்கத்தைத் தள்ளினாலும் ஏறும். செயலை வைத்துப் பெயர் சூட்டினால் இந்தக் கார்களிடம் தோற்றுப்போவோம். பொருளை வைத்துத்தான் சூட்ட வேண்டும்.

என் முன்மொழிவு மடல். கியர் மடல்.

காது மடல், தாழை மடல், கமுகு மடல். ஒரு கரை பிடிமானத்தோடும் மறு கரை விரிந்தும் நிற்கும் தட்டையான பொருளை நாம் எப்போதும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறோம். இந்தப் பிடியின் அமைப்பும் அதேதான்: நடுப்பக்கம் அச்சில் இருக்கும், வெளிப்பக்கம் விரலுக்காக நீண்டிருக்கும்.

மேலே சொன்ன விதிவிலக்குகளை விட்டால், வலது கை மடல் கியரைக் கூட்டும், இடது கை மடல் குறைக்கும். நமக்கு ஸ்டியரிங் வலப்பக்கம், கனடாவில் இடப்பக்கம் என்றாலும் இந்த ஒழுங்கு மாறாது. எனவே ஏற்றுமடல், இறக்குமடல். கூட்டுமடல், குறைமடல் என்றும் யோசித்தேன். குறைமடல் என்றால் பாதி முறிந்தது போல இருக்கிறது.

இந்தப் பொருளுக்கு வயதும் அதிகமில்லை. 1989இல் ஜோன் பர்னாட் வடிவமைத்த ஃபெராரி 640 பந்தயக் காரில்தான் இது ஃபோர்முலா 1க்கு வந்தது. அந்த ஆண்டின் முதல் போட்டியான பிரேசிலில் நைஜல் மன்செல் அதை ஓட்டி வென்றார். வீதிக் காருக்கு ஃபெராரி இதைக் கொண்டுவந்தது 1997இல், எஃப்355 மூலம். இப்போது நம் ஏ9 வீதியில் ஓடும் ஹொண்டா வெசல்கள் சிலவற்றிலும் இருக்கிறது. ஓமந்தையிலிருந்து பரந்தன் வரை ஏற்ற இறக்கம் இல்லாத வீதியில் அதைத் தொடுபவரை நான் கண்டதில்லை. முறிகண்டிப் பிள்ளையாருக்கு நிறுத்த வேகம் குறைக்கும்போது இறக்குமடலை இழுத்துப் பார்க்கலாம், எஞ்சினே வண்டியைப் பிடிக்கும்.

இனித்தான் சொல்லுக்குச் சோதனை. நான் எழுதவேண்டிய குறிப்பில் இரண்டு வகை வருகிறது.

ஒன்று, காரோடு வந்த மடலின் மேல் ஒட்டுவது. அதை ஒட்டுமடல் என்கிறேன். ஒட்டு மாங்கன்று வாங்கும் ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை. பின்பக்கம் இரண்டு பக்கமும் ஒட்டும் நாடா. எரிசாராயத்தால் துடைத்து, அழுத்தி ஒட்டி, முழுப் பிடிப்புக்கு 72 மணி நேரம் விட வேண்டும். மடலை நீட்டினால் நெம்புகோல் நீளுகிறது. நுனியில் இழுக்க விசை குறைவாகப் போதும், ஆனால் நுனி அதிக தூரம் நகரும், ஆட்டமும் கூடும். உற்சாகத்தில் ஒருவர் பலமாக இழுத்தால் அந்த முறுக்கு முழுவதும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் அச்சுக்குப் போகும். இதனால்தான் பெடியன் கேட்ட நீளத்தை நான் கொடுக்கவில்லை. அவனுக்குக் கோபம்.

மற்றது, பழைய மடலைக் கழற்றிவிட்டு முழுதாகப் போடுவது: முழுமடல். அதில் சுவிட்சோடு சின்னக் காந்தங்களும் வைத்து, இழுக்கும்போது "டக்" என்று விடுபடும் உணர்வைக் கொடுப்பார்கள். சாதாரண நியோடிமியம் காந்தம் 80 பாகை செல்சியஸ் வரைக்கும்தான். வெயிலில் பூட்டி நிறுத்திய கார் எங்கள் பக்கம் என்ன சூடு ஏறும் என்று தெரியும்தானே. மாதிரிக்கு முப்பரிமாண அச்சில் எடுக்கும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 பாகையிலேயே இளகத் தொடங்கும். அளவு பார்க்க மட்டும் அது, ஓட்டிப் பார்க்கச் சூடு தாங்கும் ஏஎஸ்ஏ பிளாஸ்டிக். காரின் சொந்தச் சுவிட்ச் காந்தத்தை உணரும் வகையாக இருந்தால் நாம் வைக்கும் காந்தம் அதை ஏமாற்றக்கூடும். கார்பன் இழையில் செய்தால் விளிம்பைச் சரித்துத் தேய்க்காமல் விடக்கூடாது, விரலை அறுக்கும்.

ஃபெராரியில் மடல் ஸ்டியரிங் தண்டோடு அசையாமல் நிற்கும், பி.எம்.டபிள்யூவில் ஸ்டியரிங் சில்லோடு சேர்ந்து சுற்றும். சுற்றுகிற மடலை நீட்டும்போது சிக்னல் கம்பிக்கும் வைப்பர் கம்பிக்கும் எல்லாக் கோணத்திலும் இடைவெளி பார்க்க வேண்டும். ஆகவே நிலைமடல், சுழல்மடல். துடுப்பை வைத்து இவ்வளவையும் கட்டிப் பாருங்கள்: ஒட்டுத்துடுப்பு, சுழல்துடுப்பு... எனக்குச் சிரிப்பு வருகிறது.

நீளமான சொற்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. துவிச்சக்கரவண்டி அரசாங்கப் படிவத்தில் மட்டும் ஓடுகிறது. பேக்கரிக்கு வன்னியில் புழங்கிய வெதுப்பகம் இன்றைக்கும் பெயர்ப்பலகையில் இருக்கிறது. ஒரு மூச்சில் சொல்லலாம், பாணின் சூடு உள்ளேயே இருக்கிறது.

-----

(முல்லைத்தீவிலிருந்து)

தம்பி, மடல் நல்லாத்தான் இருக்கு. ஆனால் துடுப்பை இவ்வளவு கீழே போட்டிருக்கத் தேவையில்லை. கடலில் வலிக்கும்போதுதான் தோள் வேண்டும். களப்பில் வள்ளத்தைத் திருப்பும்போது மணிக்கட்டை அசைத்தாலே போதும். சவள், அதுதான் வள்ளத் துடுப்பு, பிடித்த கைக்கு அது தெரியும்.

எனக்கு இருக்கும் கேள்வி வேறு. நாமெல்லாம் இந்தக் குழுவில் எழுதுவதையே மடல் என்கிறோம். "உங்கள் இடது மடல் கிடைத்தது" என்று பெடியன் பதில் எழுதினால் என்ன நினைப்பது? அலகு என்று ஒரு சொல் என் மனதில் இருந்தது, கத்தியின் அலகு போல. பள்ளிக்கூடப் புத்தகத்தில் அது பாட அலகாகவும் அளவு அலகாகவும் போய்விட்டதால் நானே விட்டுவிட்டேன்.

-----

(வவுனியாவிலிருந்து)

ஐயா, கடித மடலும் காது மடலும் இத்தனை காலம் ஒரே மொழியில் முட்டாமல் இருந்திருக்கின்றன. கராஜில் யாரும் கடிதம் எதிர்பார்த்து நிற்பதில்லை. நான் மொழிபெயர்ப்பு வேலை செய்பவள். முன்னால் "கியர்" நிற்கும் வரைக்கும் எனக்குக் குழப்பம் இல்லை.

தம்பியிடம் இரண்டு விசயம். வெளியில் செய்த உறுப்புக்கு யாரோ ஆங்கில ஆஃப்டர்மார்க்கெட்டை அப்படியே பெயர்த்து "பின்சந்தை" என்று எழுதியிருந்தார்கள். தயவுசெய்து அதை உள்ளே விடாதீர்கள். பின்னேரச் சந்தை போல இருக்கிறது. கொம்பனிச் சாமான், வெளிச் சாமான் என்றுதான் கடையில் கேட்கிறோம். எழுத்தில் வெளியுதிரி என்றால் போதும்.

இரண்டாவது, முழுமடல் போட எயார்பாக்கைக் கழற்ற வேண்டிவருமே. அந்த எச்சரிக்கையை எப்படி எழுதியிருக்கிறீர்கள்?

-----

(கிளிநொச்சியிலிருந்து)

அக்கா, வெளியுதிரியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஐயா, சவள் பற்றிச் சொன்னதுக்கு நன்றி. மடலில் நான் நிற்கிறேன்.

எச்சரிக்கை வரி இப்படி இருக்கிறது: "முதலில் பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றவும். கார்த் தயாரிப்பாளர் சொன்ன நிமிடங்கள் வரை காத்திருக்கவும். எயார்பாக் கணினிக்குள் மின் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். எயார்பாக் வயரில் மீற்றர் வைத்துச் சோதிக்க வேண்டாம். கழற்றிய எயார்பாக்கை முகப்பு மேலே பார்க்கும்படி வைக்கவும். அதன் பிறகே இறக்குமடல், ஏற்றுமடல் இரண்டின் திருகாணிகளையும் தளர்த்தவும்." கராஜ் அண்ணை தொலைபேசியில் வாசித்துக் கேட்டார். மடலில் நிற்கவில்லை, திருகாணியில் நின்றார். எந்தச் சாவி என்று எழுதவில்லையாம். சேர்க்கிறேன்.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. ஸ்டியரிங் சுற்றும்போது எயார்பாக்குக்கும் மடலுக்கும் போகும் வயர் அறுந்துவிடாமல், பெட்டிக்குள் சுருண்டும் விரிந்தும் கொடுக்கும் அந்தத் தட்டை நாடா. முழுமடல் போடும்போது ஸ்டியரிங் சில்லைக் கழற்றினால் அதை நடுநிலையிலிருந்து சுற்றிவிடக்கூடாது என்று எழுத வேண்டும். நான் சுருள்நாடா என்று வைத்திருக்கிறேன். வேறு சொல் இருந்தால் வெள்ளிக்கிழமைக்கு முதல் அனுப்புங்கள். கிளொக் ஸ்பிரிங் என்ற ஆங்கிலப் பெயரைப் பார்த்து மணிக்கூட்டுச் சுருள் என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள்.