காட்டுத் தொழிலும் காட்டோர ஊர்ப் பிள்ளைகளும்: சென்னையில் நீங்கள் பார்த்தது என்ன?

மந்தைவெளி வாசகி:
நுங்கம்பாக்கம் கண்காட்சியில் ஜவ்வாது மலை ஸ்டால். சாமை, புளி, தேன், வழக்கமான சரக்குதான். எனக்கு முன்னால் நின்ற மாமா ஒருவர் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். குச்சியைத் தேனில் முக்கி உரசினார், பற்றவில்லை. "கலப்படம்!" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். ஸ்டாலில் இருந்த பையனுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். கோபமே படவில்லை. "ஐயா, இது மழை பெஞ்சப்புறம் எடுத்தது. தண்ணி சேர்ந்திருக்கும், பத்தாது. சர்க்கரைப் பாகைக் கெட்டியா காய்ச்சி அதுல முக்கிப் பாருங்க, ஜோரா பத்தும்" என்றான். மாமா பக்கத்து ஸ்டாலுக்கு நகர்ந்துவிட்டார்.

நீயும் தேன் எடுக்கப் போவாயா என்று கேட்டேன். "இல்லக்கா, அப்பாதான். நான் திருப்பூர்ல பனியன் கம்பெனி. இங்க பேச ஆள் வேணும்னு கூட்டியாந்தாங்க." அப்பா பின்னால் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பிறகு பாறையில் யார் ஏறுவார்கள்?

ஓ.எம்.ஆர். வாசி:
வடநெம்மேலி பாம்புப் பண்ணை. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் போயிருப்பீர்கள். பெரியவர் பானையின் துணியை அவிழ்த்து, கண்ணாடி விரியனைக் கொக்கியால் தூக்கினார். வயிற்றுச் செதிலில் வெட்டிய அடையாளத்தைக் காட்டி, "இது விஷம் குடுத்துட்டுப் போனது. அடையாளம் இருந்தா தொட மாட்டோம்" என்றார். பக்கத்தில் நின்ற பேரனிடம் நீயும் பிடிப்பாயா என்றேன். "புடிப்பேண்ணா. லைசென்ஸ் கிடைச்சா வருவேன், அதுவரைக்கும் டெலிவரி." தோளில் அந்தப் பை.

மேலே எழுதிய சகோதரி, பிள்ளைகள் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பது போலப் பேசுகிறீர்கள். இங்கே பையன் வாசலிலேயே நிற்கிறான், கதவுதான் திறக்கவில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத் தோல் வியாபாரம் படுத்தது. 1978-ல் இருளர் கூட்டுறவுச் சங்கம் வந்து, அதே கைத்திறனைப் பாம்புக்கடி மருந்துக்கு விஷம் எடுக்கும் தொழிலாக மாற்றியது. ஆனால் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பது வனத்துறை அனுமதியில் இருக்கிறது. 2023-ல் இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ வந்தபோது நாமெல்லாம் கைதட்டினோம், சரி.

மாட வீதி மணி:
காட்டிலிருந்து தோண்டி வரும் மாகாளிக் கிழங்கில் ஊறுகாய் போடும் வீட்டுக்காரர்களுக்கு இது புரியும். வடக்கு மாட வீதியில் வழக்கமாக விற்கிற அம்மாவுக்குப் பதில் மகன் வந்திருந்தான். என்னப்பா இவ்வளவு ஒல்லியாக இருக்கிறது என்றேன். "பெருசெல்லாம் வேரோட தோண்டிட்டாங்க சார், அடுத்த தடவை இதுவும் இருக்காது" என்றான். அவ்வளவுதான் என் கதை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 2006 வன உரிமைச் சட்டத்தில் சிறு வன மகசூலைச் சேகரிக்கவும் விற்கவும் அந்த மக்களுக்கே உரிமை இருக்கிறது. தேன், மூங்கில், மூலிகை எல்லாம் அதில் அடக்கம். கிராம சபை வழியாகச் சமூக உரிமை கோரி மனுப் போட வேண்டும். படித்த பிள்ளைகள் உட்கார்ந்து எழுதினால் பாதி வேலை முடிந்தது. அப்புறம், பழங்குடியினர் வன மகசூலைப் பதப்படுத்தி விற்பதற்காக 2018-ல் தொடங்கிய வன் தன் மையங்கள் இருக்கின்றன. புளியைக் கொட்டையோடு மூட்டையாகப் போடாமல், கொட்டை எடுத்து அரைக் கிலோ பாக்கெட்டாக விற்கலாம். நீலகிரிப் பக்கம் பாருங்கள், காட்டையே மூடிவிட்ட உண்ணிச்செடியை வெட்டி அங்குள்ள பழங்குடியினர் முழு அளவு யானை உருவங்கள் செய்தார்கள். 2021-ல் அவை லண்டன் பூங்காக்களில் நின்றன! இன்ஸ்டாகிராம், கூரியர், க்யூஆர் கோடு எல்லாம் இந்தப் பிள்ளைகளுக்குக் கைவந்த கலை. மலையில் அப்பா எடுக்கட்டும், மகன் கணக்குப் பார்க்கட்டும். கிழங்கையும் பாதி வெட்டி, மீதியை மண்ணிலேயே விடச் சொல்லித்தர வேண்டும்.

கோயம்பேடு மெஸ்:
மணி சார், அந்தக் கிழங்கை வாங்குவதே நாம்தானே, பாடம் அவனுக்கா?

எங்கள் மெஸ்ஸில் திருவண்ணாமலை மாவட்டத்து மலைப் பையன் ஒருவன் இருக்கிறான். ஊரிலேயே காட்டை வைத்துப் பிழைக்க முடியாதா என்று கேட்டேன். பாத்திரத்திலிருந்து கையை எடுக்காமலே, "எந்தக் காட்டுல சார்? மரம் வெட்டணும்னு ஏஜெண்ட் கூப்பிட்டா எங்கம்மா போனைப் புடுங்கி வெச்சுக்கும்" என்றான். 2015 ஏப்ரல் 7, ஆந்திராவின் சேஷாசலம் காடு. செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது, பெரும்பாலும் நம் மலைக் கிராமத்து ஆட்கள். அப்போது இவன் பள்ளிக்கூடப் பையன். இன்ஸ்டாகிராம் யோசனையை இவன் அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள்.

மாட வீதி மணி:
நான் செம்மரத்தைப் பற்றிப் பேசவே இல்லையே! சட்டப்படி என்ன வழி என்றுதான் சொன்னேன்.

தாம்பரம் டீச்சர்:
சட்டப்படியே பேசுவோம். செங்கல்பட்டுப் பக்கம் மாலை வகுப்பில் என்னிடம் படித்த இருளர் பெண், பிளஸ் டூ முடித்தவள். வனக் காப்பாளர் தேர்வு எழுத ஆசை. சாதிச் சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்துக்குக் கூடப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அவளை மேலும் கீழும் பார்த்து, "பாம்பு பிடிக்கத் தெரியுமா?" என்றார். "அப்பாவுக்குத் தெரியும் சார், எனக்கு இயற்பியல் தெரியும்" என்றாள். மனு இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது.

மணி சார், எழுதத் தெரிந்தவர் நீங்கள். மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வர முடியுமா?