12 வயது நாய், 15 வயதுப் பூனை: இனிமேல் மைக்ரோசிப் பதிக்கலாமா?

திண்ணைவாசி:
வணக்கம். வீட்டில் இரண்டு கிழங்கள். நாய்க்குச் சுமார் 12 வயது. நான்கு ஆண்டுகளுக்கு முன் காப்பகத்திலிருந்து எடுத்து வந்தேன். காது முழுவதும் போய்விட்டது, கண்ணும் மங்கல். பூனைக்கு 15. சிறுநீரக நோய், எலும்பும் தோலுமாக இருக்கிறது.

போன வாரம் கதவு திறந்திருந்த நேரத்தில் நாய் வெளியே போய்விட்டது. கூப்பிட்டால் கேட்காத நாயை எப்படித் தேடுவது? மூன்று மணி நேரம் கழித்து, இரண்டு தெரு தள்ளி, ஒரு காரின் அடியில் படுத்திருந்தான். கழுத்துப்பட்டை எங்கோ கழன்று விழுந்திருந்தது. அன்று முதல் சிப் நினைப்புதான், தோலுக்கு அடியில் ஊசியால் பதிக்கும் அந்தச் சின்ன அடையாளச் சில்லு. வீட்டில் ‘இந்த வயதில் எதற்கு அதைக் குத்திக்கொண்டு’ என்கிறார்கள். மயக்க மருந்து கொடுப்பார்களா? மெலிந்த பூனைக்கு உள்ளே உறுத்தாதா? இந்த இரண்டும்தான் என் பயம்.

நாலுகால்:
மயக்க மருந்து வேண்டியதில்லை. தடுப்பூசி போலத்தான், ஊசி மட்டும் கொஞ்சம் தடிமன். என் நாய்க்கு 14 வயதில் பதித்தோம். ‘கீச்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மேசையில் இருந்த பிஸ்கட்டைப் பார்த்ததும் அதையும் மறந்துவிட்டது. வயதானது எதற்கு என்று கேட்பவர்களிடம் சொல்லுங்கள்: குட்டி வழி தவறினால் திரும்பி வர வாய்ப்புண்டு, கண்ணும் காதும் போன கிழத்துக்கு அதுவும் இல்லை.

ஊசிநூல்:
கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறேன். வழக்கமான சிப் அரிசி மணி அளவுதான்: 12 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் தடிமன். 8 மில்லிமீட்டர் நீளமுள்ள சிறியதும் உண்டு. பூனைக்கு அதைக் கேட்டுப் பாருங்கள். மெலிந்த உடம்பில் விரலுக்குத் தட்டுப்படலாம், பூனைக்கு உறுத்தாது. இரத்தம் உறையாமலிருக்க ஏதாவது மருந்து கொடுக்கிறீர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பல் சுத்தம் செய்ய எப்படியும் மயக்கம் கொடுக்கப்போகிறார்கள் என்றால் அப்போதே சேர்த்து முடிக்கலாம். சிப்புக்காக மட்டும் மயக்கம் கொடுக்க வேண்டாம்.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றுதான் முக்கியம். காப்பகத்து நாய் என்கிறீர்கள். புதிதாகப் பதிக்கும் முன் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஒன்று உள்ளே இருக்கலாம். வழக்கமாகப் பதிக்கும் பிடரியில் மட்டும் ஸ்கேனரை ஓட்டிவிட்டு ‘இல்லை’ என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆண்டுகள் போகப் போகச் சிப் தோள், மார்பு, முன்னங்கால் என்று நகர்ந்திருக்கலாம். உடம்பு முழுவதும் மெதுவாக, தோலை ஒட்டி ஓட்ட வேண்டும். கழுத்துப்பட்டையில் உலோகம் இருந்தால் கழற்றிவிட வேண்டும். பழைய சிப்புகளில் சில 125 கிலோஹெர்ட்ஸ் ரேடியோ அலைவரிசையில் பேசுபவை, இப்போதைய சர்வதேசத் தரம் 134.2. ஒன்றை மட்டும் படிக்கும் ஸ்கேனருக்கு மற்றது இருப்பதே தெரியாது.

முள்ளம்பன்றி:
எல்லோரும் ஊசியைப் பற்றியே பேசுகிறீர்கள். சிப்பில் பாட்டரி கிடையாது, நாய் எங்கே இருக்கிறது என்று அது சொல்லாது. யாராவது பிடித்து, ஸ்கேனர் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோனால் 15 இலக்க எண் ஒன்றைக் காட்டும். அந்த எண்ணுக்கு எதிரே உங்கள் தொலைபேசி எண் பதிவாகவில்லை என்றால், பதித்ததும் பதிக்காததும் ஒன்றுதான். பணம் கட்டியதோடு கடமை முடிந்தது என்று வீட்டுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். கழுத்துப்பட்டையில் பெயர் வில்லையும் கட்டுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் ஸ்கேனர் இருக்காது.

திண்ணைவாசி:
ஊசிநூல், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது! இன்று போனோம். முதுகில் ஒன்றும் இல்லை. நீங்கள் சொன்னதைச் சொல்லி முழு உடம்பையும் பார்க்கச் சொன்னேன். இடது முன்னங்கால் மூட்டுக்கு மேலே பீப் என்றது! நான்கு ஆண்டுகளாக அதே காலைத் தடவிக்கொண்டிருக்கிறேன், கொழுப்புக்கட்டி என்றே நினைத்திருந்தேன். 15 இலக்கங்கள், 9இல் தொடங்குகிறது. பதிவில் இருக்கும் தொலைபேசி எண் உபயோகத்தில் இல்லை. இனி என்ன செய்வது? புதிதாக ஒன்று போட்டுவிடவா?

ஊசிநூல்:
வேண்டாம். வேலை செய்யும் சிப் இருக்கும்போது இரண்டாவது எதற்கு? ஒருவர் பழையதை மட்டும் படித்துவிட்டு உபயோகமில்லாத எண்ணை அழைத்துக்கொண்டிருப்பார். முதல் மூன்று இலக்கம் 900 அல்லது அதற்கு மேல் என்றால் பெரும்பாலும் தயாரிப்பாளரின் குறியீடு; அதை வைத்து, சிப் எண்ணோடு உரிமையாளர் விவரத்தை வைத்திருக்கும் பதிவகம் எது என்று தேடலாம். காப்பகத்தில் கொடுத்த தத்துச் சான்று, சிகிச்சைச் சீட்டு இரண்டையும் அனுப்பி உரிமையாளர் மாற்றம் கேளுங்கள். பழைய உரிமையாளரைத் தொடர்புகொண்டு ஒப்புதல் வாங்குவது பதிவகத்தின் வேலை.

நாலுகால்:
பூனை என்ன ஆயிற்று?

திண்ணைவாசி:
பூனைக்குச் சிறிய சிப்பைப் பதித்தார்கள். ஒரு சொட்டு இரத்தம், பஞ்சால் அழுத்தியதும் நின்றது. வீட்டுக்கு வந்து மாலை வரை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரவு மடியில் ஏறிக்கொண்டது. அன்றே பதிவும் செய்துவிட்டேன், முள்ளம்பன்றி கவனிக்கவும்.

திண்ணைவாசி (பத்து நாள் கழித்து):
நாயின் பதிவு என் பெயருக்கு மாறிவிட்டது. பழையவர் ஒப்புக்கொண்டாராம். பழைய பதிவில் அவன் பெயர் ராஜா. இங்கே நான்கு ஆண்டுகளாக மணி. ராஜா என்று கூப்பிட்டால் திரும்புவானா என்று பார்க்க ஆசைதான், காதுதான் கேட்காதே!