உதவி: முதியவர்களுக்கு அருங்காட்சியகத் தளத்தில் எழுத்து பெரிதாகவில்லை, டிக்கெட் ஓடிபியில் நிற்கிறது

கல்தச்சன்:
சிறிய அருங்காட்சியகம் ஒன்றின் தளம், தமிழிலும் ஆங்கிலத்திலும். பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். மேலே "அ+ அ அ-" பட்டன்கள் இருக்கின்றன. ஆனாலும் ஆண்ட்ராய்டில் எழுத்தை விரலால் விரித்தால் பெரிதாகவில்லை என்கிறார்கள். திறக்கும் நேரம் முகப்பு ஸ்லைடரின் மூன்றாவது படத்திலேயே உண்டு. அதையும் போன் போட்டுக் கேட்கிறார்கள். டிக்கெட் எடுக்கப் போனவர்கள் ஓடிபி வரை வந்து விட்டுவிடுகிறார்கள்.
அமைப்பு இதுதான்: எச்டிஎம்எல் எழுத்தளவு 14 பிக்சல், தலைப்பு 4 விடபிள்யூ, வியூபோர்ட்டில் மேக்ஸிமம்-ஸ்கேல்=1, வெள்ளைப் பின்னணியில் எழுத்து நிறம் #999.

நூல்வேலி:
அந்தக் கடைசி வரியிலேயே பாதி விடை இருக்கிறது. மேக்ஸிமம்-ஸ்கேலை முதலில் எடுங்கள், விரலால் விரித்துப் பெரிதாக்குவதைத் தடுப்பது அதுதான். ஐபோன் சஃபாரி ஐஓஎஸ் 10 முதல் இந்தத் தடையை மதிப்பதில்லை, ஆண்ட்ராய்டு குரோம் மதிக்கிறது. ஐபோனில் மட்டும் சோதித்தால் குறை கண்ணில் படாது.
வேரில், அதாவது எச்டிஎம்எல்லில், உள்ள 14 பிக்சலை நீக்கிவிட்டு, உடல் எழுத்துக்கு 1.125 ரெம் (வேர் எழுத்தளவின் மடங்கு) கொடுங்கள். வேரில் பிக்சல் இருந்தால், பிரவுசர் அமைப்பில் ஒருவர் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தாலும் தளம் அதைக் கேட்காது. விடபிள்யூ திரை அகலத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது, கணினியில் ஜூம் செய்தாலும் தலைப்பு வளராது. அதையும் ரெம் ஆக்குங்கள். "அ+" பட்டன்கள் அலங்காரம்தான், தூக்கிவிடலாம். தேவைப்படுபவர் போனிலேயே பெரிதாக்கி வைத்திருப்பார்.
எழுத்துக்கும் பின்னணிக்கும் #999 தரும் ஒளி வேறுபாடு 2.85:1. டபிள்யூசிஏஜி என்ற இணைய அணுகல் விதித்தொகுப்பு கேட்பது 4.5:1. #767676 அதை மயிரிழையில்தான் தாண்டும், #595959 என்றால் 7:1 கிடைக்கும். வயதான கண்ணின் வில்லை மஞ்சளிப்பதால் நீல வேறுபாடுகள் மங்கும். லிங்க்குக்கு நிறத்தை மட்டும் நம்பாமல் அடிக்கோடும் போடுங்கள். தமிழுக்கு வரி உயரம் 1.7 வேண்டும், இல்லையென்றால் 'கூ', 'மூ' கீழ்வரியில் இடிக்கும்.

திண்ணை:
நேரத்தைப் படத்துக்குள் வைத்தால் பெரிதாக்கும்போது மங்கும், மாற்று உரை இல்லையென்றால், திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடரும் வாசிக்காது. வாசித்து முடிப்பதற்குள் ஸ்லைடு நகர்ந்தும் விடும். 5 வினாடிக்கு மேல் தானாக நகர்வதை நிறுத்த வழி இருக்க வேண்டும் என்பது விதி. இங்கே ஸ்லைடரே வேண்டாம். முதல் திரையில் சாதாரண எழுத்தாக நாள், நேரம், விடுமுறை, தொட்டால் அழைக்கும் போன் எண். அதன் கீழேயே படிக்கட்டுகள் எத்தனை, லிப்ட், சக்கர நாற்காலி, உட்கார இடம், கழிப்பறை. கிளம்புமுன் இவர்கள் தேடுவது இதைத்தான்.
ஓடிபி விஷயம்: குறுஞ்செய்தியைப் பார்க்கப் போய்த் திரும்பும்போது பக்கம் மறுபடி ஏறி, படிவம் காலியாகிறதா பாருங்கள். அப்படியென்றால் நிரப்பியதைச் சேமித்து வையுங்கள். ஆறு தனிக் கட்டம் வேண்டாம், ஒரே கட்டம், அதில் ஆட்டோகம்ப்ளீட்=ஒன்-டைம்-கோட் என்ற குறி. அப்போது ஐபோன் விசைப்பலகையே எண்ணை எடுத்துத் தரும். ஓடிபிக்குக் காலக்கெடு 10 நிமிடம் கொடுங்கள். தேதிக்குக் குட்டிக் காலண்டர் வைக்காமல் அடுத்த 7 நாட்களைப் பட்டன்களாகக் காட்டலாம். பட்டனுக்கு 24 பிக்சல் குறைந்தபட்சம். நடுங்கும் விரலுக்கு 44 வையுங்கள்.

கல்தச்சன்:
மாற்றியாச்சு, நன்றி. 400% ஜூமில் மேல்பட்டை பாதித் திரையை மறைக்கிறது. பழைய சிற்பக் குறிப்புகளை ஸ்க்ரீன் ரீடர் ஏதோ உளறுகிறது.

நூல்வேலி:
திரை உயரம் குறையும்போது பட்டை ஒட்டிநிற்காதபடி மீடியா குவெரி (திரை அளவுக்கேற்ப மாறும் சிஎஸ்எஸ் விதி) எழுதுங்கள். 1280 பிக்சல் சாளரத்தில் 400% என்பது 320 பிக்சல் அகலத்துக்குச் சமம். அங்கே பக்கவாட்டில் உருட்ட வேண்டி வரக்கூடாது.
உளறல் இரண்டு காரணத்தால் வரும். தமிழ்ப் பக்கத்தில் மொழிக் குறி ஆங்கிலமாக இருந்தால் ஆங்கிலக் குரல்தான் பேசும். அது சரியென்றால் குறிப்பை நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்தாக வந்தால் அது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் போர்த்திய, பாமினி போன்ற பழைய எழுத்துரு. யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியதை ஒருவர் வரிவரியாகப் படித்துச் சரிபார்க்க வேண்டும், 'ஸ்ரீ'யும் கிரந்த எழுத்துகளும் அடிக்கடி பிசகும்.